பெட்ரோல் காரின் புகைக் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடமும் புகைப் பரிசோதனை நிலையத்திலும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. டீசல் வண்டிகளின் கதை முற்றிலும் வேறு என்பதால் அதை இதில் கலக்கவில்லை. விடைகளில் 14.7 என்ற எண் திரும்பத் திரும்ப வரும். அவசரத்தில் இருப்பவர்கள் அந்த எண்ணைப் பற்றிய மூன்றாவது கேள்வியை மட்டும் முதலில் படித்துவிட்டு, பிறகு தங்களுக்கு வேண்டிய கேள்விக்குப் போகலாம்.

பெட்ரோல் எரிந்தால் நீராவியும் கரியமில வாயுவும்தானே மிஞ்ச வேண்டும்? நச்சு எங்கிருந்து வருகிறது?

முழுமையாக எரிந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது, சிலிண்டருக்குள் தீ பரவி முடிவதற்குக் கிடைக்கும் நேரம் சில மில்லி நொடிகள்தான். அந்த நேரத்துக்குள் மூன்று குறைகள் நேர்கின்றன. முதலாவதாக, பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்குகளில் புகுந்த கலவையைத் தீ எட்டுவதில்லை. குளிர்ந்த சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் தீ அணைந்துபோகிறது. இப்படி எரியாமலோ அரைகுறையாக எரிந்தோ வெளியேறுவதுதான் ஹைட்ரோகார்பன். இரண்டாவதாக, ஆக்சிஜன் போதாத இடங்களில் கார்பன் பாதி மட்டும் எரிந்து கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடுகிறது. மூன்றாவது குறைக்கும் பெட்ரோலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நாம் உள்ளிழுக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக எதனோடும் சேராத அந்த வாயு, சிலிண்டருக்குள் தீயின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸையும் தாண்டும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுகிறது.

இம்மூன்றில் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ‘என் வண்டியில் புகையே வருவதில்லை’ என்று பெருமைப்படுவதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும். அடுக்ககத்தின் அடித்தளத்தில், காற்றோட்டம் இல்லாத நிறுத்துமிடத்தில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு ஏசியில் உட்கார்ந்திருப்பது ஆபத்தானது என்று சொல்வதும் இதனால்தான்.

காலையில் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இது கோளாறா?

இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. குழாய் குளிர்ந்திருக்கும் வரை அந்த நீராவி உள்ளேயே படிந்து சொட்டும். சூடேறியதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். வண்டி நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்து, ரேடியேட்டரில் கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போனால் மட்டும் கவலைப்பட வேண்டும்.

14.7 என்ற எண்ணை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

ஒரு கிலோ பெட்ரோலை மிச்சமின்றி எரிக்கத் தேவையான காற்று ஏறக்குறைய 14.7 கிலோ. இந்த அளவில் கலந்தால் எரிந்து முடிந்தபின் ஆக்சிஜனும் மிஞ்சாது, பெட்ரோலும் மிஞ்சாது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இது சுமார் 9000 லிட்டர் காற்று என்ற கணக்கு வரும். ஓட்டுநர் பெட்ரோல் பங்கில் பணம் கொடுப்பது ஒரு லிட்டருக்கு, எஞ்சின் ஊரிடமிருந்து இலவசமாக வாங்கிக்கொள்வது 9000 லிட்டர்.

இந்த விகிதத்தைவிடப் பெட்ரோல் கூடினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் ஏறும். சற்றே காற்று கூடினால் அவை குறைந்து, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஏறும். காற்று மேலும் கூடினால் தீ சரியாகப் பற்றாமல் எஞ்சின் ‘மிஸ்ஸிங்’ அடிக்கத் தொடங்கும். அப்போது ஹைட்ரோகார்பன் மறுபடியும் எகிறும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஏதாவது ஒன்று கூடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். அம்பாசிடரிலும் பத்மினியிலும் இருந்த கார்புரேட்டரால் இந்த விகிதத்தை ஓரளவுக்கு மேல் துல்லியமாகப் பிடிக்க முடியாது. திருகாணியை அரைச்சுற்று திருகி, காதால் கேட்டு ட்யூனிங் செய்த கைகளுக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன். ஆனாலும் காலையில் சரியாக இருந்த விகிதம் மதிய வெயிலில் மாறிவிடும் என்பதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

இன்றைய எஞ்சினில் உள்ளே வரும் காற்றின் அளவு அல்லது அழுத்தம், அதன் வெப்பம், கூலன்டின் வெப்பம், கிராங்க் தண்டின் நிலை, ஆக்சிலரேட்டர் மிதியின் நிலை ஆகியவற்றைச் சென்சார்கள் ஓயாமல் அளந்துகொண்டிருக்கின்றன. எஞ்சின் கணினி அவற்றிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் எத்தனை மில்லி நொடி திறந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. எம்பிஎஃப்ஐ என்று விளம்பரங்களில் படித்துப் பழகிய சொல்லின் பொருள் இதுதான்: சிலிண்டருக்கு ஒன்றாகப் பல முனைகளில் பெட்ரோல் பீய்ச்சும் முறை. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் வெளிவந்த சான்ட்ரோ இந்த முறையோடுதான் வந்தது.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒரு வடிகட்டியா? அடைத்துக்கொண்டால் கழுவிப் போடலாமா?

வடிகட்டி என்ற எண்ணத்தால்தான் கழுவலாம், ஓட்டை போடலாம் என்ற யோசனைகள் எல்லாம் பிறக்கின்றன. புகைக்குழாயில் பொருத்தப்படும் இந்தக் கன்வெர்ட்டர் எதையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. தன் வழியாக ஓடும் வாயுக்களை வேறு வாயுக்களாக மாற்றி அனுப்புகிறது. உறைக்குள் இருப்பது தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலத்துக்கு நானூறு என்ற கணக்கில் நுண்குழாய்கள் அதில் நீளவாக்கில் ஓடுவது வழக்கம். அவற்றின் சுவரில் அலுமினாப் பூச்சு உண்டு. நுண்துளைகள் நிறைந்த அந்தப் பூச்சின் மொத்தப் பரப்பை விரித்துப் பார்த்தால் பல ஆயிரம் சதுர மீட்டர் வரும். அந்தப் பரப்பின்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மொத்தமாகச் சில கிராம் அளவுக்குத் தூவப்பட்டிருக்கும்.

கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் எரித்து முடிக்க ஆக்சிஜன் தேவை. அந்த வேலை முக்கியமாகப் பிளாட்டினத்தின்மேலும் பல்லேடியத்தின்மேலும் நடக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி வெறும் நைட்ரஜனாக விட வேண்டும். அது ரோடியத்தின் வேலை. ஆக்சிஜனைக் கொடுப்பதும் பிடுங்குவதும் ஒரே குழாய்க்குள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால், வரும் புகையில் ஆக்சிஜன் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 14.7ஐச் சுற்றி ஒரு சதவீதத்துக்கும் குறைவான அகலமுள்ள சன்னலுக்குள் கலவை நின்றால்தான் மூன்று நச்சுகளும் சேர்ந்து 95 சதவீதத்துக்கு மேல் மறையும். ஆகவே கன்வெர்ட்டரைத் தனி உறுப்பாகப் பார்ப்பதைவிட, எஞ்சின் கணினியும் இன்ஜெக்டரும் ஆக்சிஜன் சென்சாரும் சேர்ந்து அமைக்கும் சுற்றின் கடைசிக் கண்ணி என்று பார்ப்பதே பொருத்தம். புதிய கன்வெர்ட்டரை வாங்கி மாட்டிய பிறகும் சில வண்டிகள் பரிசோதனையில் தோற்பதற்கு, சுற்றின் வேறு கண்ணி அறுந்திருப்பதே பெரும்பாலும் காரணம்.

விகிதம் எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் நொடிக்கு நொடி சிறிது ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்தைத் தாங்குவதற்காகப் பூச்சில் சீரியம் ஆக்சைடு சேர்க்கப்படுகிறது. ஆக்சிஜன் மிஞ்சும் கணத்தில் அதைத் தன்னுள் வாங்கி வைத்து, பற்றாக்குறை வரும் கணத்தில் திருப்பிக் கொடுக்கும் சிறு சேமிப்புக் கணக்கு அது. வயதான கன்வெர்ட்டரில் முதலில் தேய்வது பெரும்பாலும் இந்தச் சேமிப்புத் திறன்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கரியமில வாயுவைக் கன்வெர்ட்டர் குறைப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு என்ற கணக்கை எந்தக் கன்வெர்ட்டராலும் மாற்ற முடியாது. குறைவாக எரித்தால்தான் அது குறையும்.

ஆக்சிஜன் சென்சார் ஏன் இரண்டு இருக்கின்றன?

கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது விகிதத்தைப் பிடிப்பதற்கு. பின்னால் இருப்பது கன்வெர்ட்டரை வேவு பார்ப்பதற்கு. முன்னாலுள்ள சென்சாரின் நுனியில் சிர்கோனியா என்ற பீங்கான் இருக்கும். அதன் ஒரு பக்கம் புகையும் மறுபக்கம் வெளிக்காற்றும் படும்போது, இரு பக்கத்து ஆக்சிஜன் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் கூடிய கலவையில் சுமார் 0.9 வோல்ட், காற்று கூடிய கலவையில் 0.1 வோல்ட், சரியான விகிதத்தைக் கடக்கும் இடத்தில் செங்குத்தான தாவல். கணினி அந்தத் தாவலைப் பார்த்துப் பெட்ரோலைக் கொஞ்சம் குறைக்கும். மறுபக்கம் தாவியதும் கொஞ்சம் கூட்டும். இந்த ஊசலாட்டம் நொடிக்கு ஓரிரு முறை நடந்துகொண்டே இருக்கும். கூடுதலா குறைவா என்பதோடு நிற்காமல், எவ்வளவு என்பதையும் சொல்லும் அகல அலைவரிசைச் சென்சார்கள் இப்போது பல கார்களில் உள்ளன. முதலில் சொன்ன தாவல் வகைச் சென்சாரை லாம்டா சென்சார் என்ற பெயரில் போஷ் நிறுவனம் 1976இல் கொண்டுவந்தது. முதலில் பொருத்தப்பட்டது கலிபோர்னியாவுக்கு அனுப்பிய வால்வோ கார்களில்.

பின்னாலுள்ள சென்சாரின் அளவு ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். முன்னால் நடக்கும் ஊசலாட்டம் பின்னாலும் அப்படியே தெரிந்தால், நடுவிலுள்ள சேமிப்புக் கணக்கு காலியாகிவிட்டது என்று கணினி முடிவு செய்து, பி0420 என்ற குறியீட்டோடு எச்சரிக்கை விளக்கை ஏற்றும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் தானாகவே ரேஸ் ஆகிறதே? அப்படியே சிறிது நேரம் நிறுத்தி வைத்துச் சூடேற்ற வேண்டுமா?

கன்வெர்ட்டர் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகுதான் வேலையைத் தொடங்கும். அதுவரை எஞ்சினில் உண்டாகும் நச்சு அப்படியே தெருவுக்குப் போகிறது. போதாததற்கு, குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாததால் கணினி வழக்கத்தைவிடக் கூடுதலாகவே பீய்ச்ச வேண்டியிருக்கிறது. ஆய்வகச் சோதனையில் ஒரு நவீன கார் வெளியிடும் ஹைட்ரோகார்பனில் பெரும்பகுதி முதல் ஓரிரு நிமிடங்களில் வெளியாவதுதான். நான் பார்த்தவரை, இத்துறையின் பொறியாளர்கள் கடந்த இருபது ஆண்டுகளில் மிக அதிகமாக மெனக்கெட்டது இந்த முதல் நிமிடத்துக்காகத்தான்.

அதற்காக அவர்கள் கையாளும் உத்திதான் நீங்கள் கேட்கும் அந்த ரேஸ். கணினி எஞ்சின் சுற்றை உயர்த்தி, தீப்பொறியை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறது. தாமதமாகப் பற்றிய தீயின் வெப்பம் பிஸ்டனைத் தள்ளுவதில் செலவாகாமல் புகையோடு வெளியேறிக் கன்வெர்ட்டரைச் சுடவைக்கிறது. கன்வெர்ட்டரையே காரின் அடிவயிற்றிலிருந்து எடுத்து எஞ்சினை ஒட்டி வைத்ததும், ஆக்சிஜன் சென்சாருக்குள் மின்சூடேற்றி வைத்ததும் இதே நோக்கத்துக்காகத்தான்.

ஆகவே நிறுத்தி வைத்துச் சூடேற்றத் தேவையில்லை. நம் ஊரின் மார்கழிக் காலையிலும் எஞ்சினுக்கு அது குளிரே அல்ல. ஆயில் மேலே ஏற அரை நிமிடம் கொடுத்துவிட்டு, முதல் ஓரிரு கிலோமீட்டரை மிதமாக ஓட்டினால் போதும். ஓடும் வண்டியில்தான் கன்வெர்ட்டர் விரைவில் சூடேறும். கார் நிற்கும்போது நாமாகவே ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவைப்பது, கன்வெர்ட்டர் உறங்கும் நேரம் பார்த்துக் கூடுதல் நச்சை வெளியே விடுவதாகும். மயிலாப்பூரில் வீட்டிலிருந்து மாடவீதிக் காய்கறிக் கடை வரை காரில் போய்த் திரும்புவது பற்றியும் ஒரு வார்த்தை: தூரம் ஒரு கிலோமீட்டர்தான் என்றாலும், அந்த ஒரு கிலோமீட்டர் பெரும்பாலும் கன்வெர்ட்டர் இல்லாத காரின் கிலோமீட்டர்.

நைட்ரஜன் ஆக்சைடுகளை எஞ்சினுக்குள்ளேயே குறைக்க முடியாதா?

முடியும். எரிந்து முடிந்த புகையில் ஒரு பங்கைத் திருப்பிச் சிலிண்டருக்குள் அனுப்பினால், எரியாத அந்த வாயு வெப்பத்தை வாங்கிக்கொண்டு தீயின் உச்ச வெப்பத்தைத் தணிக்கும். நைட்ரஜன் ஆக்சைடுகள் சட்டென்று குறையும். இதற்கெனத் தனிக் குழாயும் வால்வும் கொண்ட அமைப்பை ஈஜிஆர் என்பார்கள். உங்கள் காரில் அந்த வால்வைத் தேடியும் கிடைக்கவில்லை என்றால், விவிடி எனப்படும் வால்வு நேர மாற்றமே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். புகை வால்வு மூடுவதற்குள் காற்று வால்வைத் திறந்துவிட்டால் புகையின் ஒரு பகுதி சிலிண்டரிலேயே தங்கிவிடும். தனிக் குழாய் எதற்கு?

நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஹைட்ரோகார்பனும் வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்துக்கு இதுதான் காரணம் என்பதை 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். கலிபோர்னியா உலகத்துக்கு முன்பே விதிகள் போடத் தொடங்கியதற்கு அடித்தளம் அதுவே. வெயிலுக்குப் பஞ்சமில்லாத சென்னைக்கும் அந்த வேதியியல் பொருந்தும்.

வெயிலில் நிறுத்திய காரிலிருந்து பெட்ரோல் ஆவியாகிப் போகாதா? பங்கில் ‘ஆட்டோ கட்’ ஆன பிறகும் நிரப்பலாமா?

முதல் கேள்விக்கு: சித்திரை வெயிலில் அண்ணா சாலை ஓரம் நிறுத்திய காரின் டாங்கில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். பழைய கார்களில் அது மூடியின் துளை வழியே வெளியே போயிற்று. இப்போது அந்த ஆவி ஒரு குழாய் வழியாகக் கரிப்பெட்டிக்குப் போகிறது. கேனிஸ்டர் எனப்படும் இந்தப் பெட்டியிலுள்ள கிளர்வூட்டிய கரி, ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது கணினி ஒரு வால்வைத் திறக்க, எஞ்சினின் உறிஞ்சும் விசை அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும். வண்டியை மூடிய அறைக்குள் வைத்து, ஒரு சோதனைக்கு 2 கிராமுக்கு மேல் ஆவி வெளியேறக் கூடாது என்று அளந்து பார்ப்பது இந்திய விதிகளில் உள்ள சோதனை.

இரண்டாவதற்கு: நிரப்ப வேண்டாம். பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி முதல்முறை நின்ற பிறகும் ரூபாயை முழு எண்ணாக்குவதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது நம் ஊர்ப் பங்குகளில் வழக்கமாகிவிட்டது. ஆவிக்காக விடப்பட்ட இடமும் நிரம்பிவிட்டால், திரவப் பெட்ரோலே கரிப்பெட்டிக்குள் இறங்கும். நனைந்த கரி பிறகு ஆவியைப் பிடிக்காது. பெட்ரோல் வாடை, நிரப்பியவுடன் ஸ்டார்ட் ஆகத் திணறுவது ஆகியவை அதன் அடையாளங்கள்.

எஞ்சின் அடிப்பாகத்து ஆவி என்ன ஆகிறது?

பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவில் எரியாத பெட்ரோல் நிறைய இருக்கும். பிசிவி என்ற சிறு வால்வு அதைத் திரும்பக் காற்றுக்குழாய்க்கு அனுப்புகிறது. விலை மலிவான பாகம். அடைத்துக்கொண்டால் ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும்.

நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் தூய்மையானவையா?

மைலேஜுக்கு நல்லவை, நுண்துகள் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் அதிக அழுத்தத்தில் பீய்ச்சும்போது, ஆவியாவதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு; பிஸ்டன் தலையில் படியும் ஈரம் கரியாக எரிகிறது. அதனால்தான் இந்திய வாகனப் புகை விதிகளின் ஆறாம் கட்டமான பாரத் நிலை 6இல் நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களுக்கு மட்டும் துகள்களுக்கும் வரம்பு உண்டு: எடை கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராம், எண்ணிக்கை 60,000 கோடி. சில கார்களில் இதற்காகவே டீசல் வண்டியில் இருப்பதுபோன்ற துகள் வடிகட்டி வைக்கப்படுகிறது. வடிகட்டி என்ற சொல் உண்மையில் பொருந்துவது இதற்குத்தான்.

ஈயம் கலந்த பெட்ரோல் முதல் பாரத் நிலை 6 வரை சென்னையில் என்னென்ன மாறியது?

1995 ஏப்ரல் 1 முதல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அவற்றுக்காக ஈயமில்லாப் பெட்ரோலும் அங்கே விற்பனைக்கு வந்தது. அப்போது நம் ஊரின் பெயர் மெட்ராஸ்தான். சென்னை ஆனது அடுத்த ஆண்டு. இரண்டு மாற்றமும் ஒன்றாக வந்ததற்குக் காரணம் உண்டு. ‘நாக்கிங்’ (சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வராமலிருக்கப் பெட்ரோலில் சேர்த்த ஈயம், கன்வெர்ட்டரின் உலோகத்தின்மேல் படிந்து அதைச் சில டாங்குகளிலேயே செயலிழக்கச் செய்துவிடும். நாடு முழுவதும் ஈயம் நீக்கப்பட்டது 2000 பிப்ரவரியில்.

அடுத்த பகை கந்தகம். அது உலோகப் பரப்பை மறைத்துக் கன்வெர்ட்டரைச் சோம்பலாக்கும். பாரத் நிலை 4 பெட்ரோலில் பத்து லட்சத்தில் 50 பங்கு கந்தகம் இருக்கலாம். சென்னைக்கு இது 2010 ஏப்ரலில் வந்தது, நாடு முழுமைக்கும் 2017இல். ஐந்தாம் நிலையைத் தாண்டிக் குதித்து, 2020 ஏப்ரல் 1 அன்று வந்த ஆறாம் நிலையில் அது 10 பங்காகக் குறைந்தது. மணலியிலுள்ள ஆலை உட்பட நாட்டின் சுத்திகரிப்பு ஆலைகள் அனைத்தும் இதற்காகத் தங்கள் இயந்திரங்களை மாற்ற வேண்டியிருந்தது. புகைக் கட்டுப்பாட்டில் கார்க் கம்பெனிகளுக்குக் கிடைக்கும் பெயரில் பாதியாவது இந்த ஆலைகளுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

பெட்ரோல் கார்களுக்கான ஆறாம் நிலை வரம்புகள் கிலோமீட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு 1 கிராம், ஹைட்ரோகார்பன் 0.1 கிராம், நைட்ரஜன் ஆக்சைடுகள் 0.06 கிராம். நான்காம் நிலையில் கடைசி எண் 0.08 ஆக இருந்தது. மற்ற இரண்டும் மாறவில்லை. எண்களைப் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லையே என்று தோன்றும். கடினமானது அந்த அளவை 1,60,000 கிலோமீட்டர் வரை காக்க வேண்டும் என்ற நிபந்தனைதான். 2023 ஏப்ரல் முதல், ஆய்வகத்து உருளைகளின்மேல் ஓட்டிப் பார்ப்பதோடு, எடுத்துச் செல்லக்கூடிய கருவியைப் பின்னால் கட்டி உண்மையான சாலையிலும் ஓட்டி அளக்கிறார்கள். ஆய்வகத்தில் மட்டும் நல்லபிள்ளையாக நடிக்கும் கார்களுக்கு இதனால் இடம் குறைந்தது.

புகைச் சான்றிதழ் வாங்கப் போனால் என்ன அளக்கிறார்கள்? புதிய கார்கூடத் தோற்கிறதே?

சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகி, எஞ்சின் சும்மா ஓடும்போதும், நிமிடத்துக்குச் சுமார் 2500 சுற்றில் ஓடும்போதும் புகையை அளக்கிறார்கள். நான்காம், ஆறாம் நிலைக் கார்களுக்குச் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்குக்குள்ளும் இருக்க வேண்டும். உயர் சுற்றில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், லாம்டா (தேவையான காற்றைப்போல எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்ற எண்) 0.97க்கும் 1.03க்கும் இடையில் நிற்க வேண்டும். லாம்டா 1 என்பது நம் 14.7இன் இன்னொரு பெயர்தான்.

நல்ல கார் தோற்பதற்கு முதல் காரணம், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள நிலையத்துக்குச் சூடேறாத கன்வெர்ட்டரோடு போவது. கால்மணி நேரம் ஓட்டிவிட்டுப் போங்கள். இரண்டாவது, புகைக்குழாயின் இணைப்பில் ஓட்டை. உள்ளே புகும் வெளிக்காற்று லாம்டாவை ஏற்றிக் காட்டும். கடற்கரைக் காற்றின் உப்பில் குழாய்கள் அரிக்கும் பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கத்து வண்டிகளில் இதை முதலில் பார்க்கலாம்.

இந்தச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் அளக்கப்படுவதே இல்லை. எஞ்சினுக்குச் சுமையும் கொடுக்கப்படுவதில்லை. ஆகவே சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதை, வண்டி ஓடும்போதும் எல்லாம் சரி என்பதற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. எச்சரிக்கை விளக்கு எரியாமலிருப்பது அதைவிட நம்பகமான சாட்சி.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலால் இந்தக் கணக்கெல்லாம் மாறாதா?

மாறும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் குறைவான காற்று போதும். ஒரு கிலோவுக்குச் சுமார் 9 கிலோ. 20 சதவீதக் கலவைக்கு விகிதம் 13.5 அளவுக்கு இறங்குகிறது. ஆக்சிஜன் சென்சார் எண்ணைப் பார்ப்பதில்லை, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. ஆகவே கணினி தானாகவே பெட்ரோலைக் கூட்டி, லாம்டாவை 1க்குக் கொண்டுவந்துவிடும். கார்புரேட்டர் வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை. கலவையில் காற்று கூடி எஞ்சின் திணறலாம். கார்பன் மோனாக்சைடு சற்றுக் குறையும், அசிட்டால்டிஹைடு என்ற வேறொரு நச்சு சற்றுக் கூடும். லிட்டருக்குள் அடங்கும் ஆற்றல் தூய பெட்ரோலைவிட 6 முதல் 7 சதவீதம் குறைவு என்பதால் மைலேஜ் ஓரளவு குறைவது இயல்பு.

எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஆனால் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அடுத்த சர்வீஸ் வரை விடலாமா?

நிலையாக எரிந்தால் சில நாள் பொறுக்கலாம். மின்னினால் பொறுக்கக் கூடாது. மின்னுவது, ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறுகிறது என்பதற்கான அடையாளம். அந்தச் சிலிண்டரின் பெட்ரோல் எரியாமல், போதுமான காற்றோடு சேர்ந்து கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். 1000 டிகிரியை நெருங்கும் வெப்பத்தில் பூச்சு அழியும்; இன்னும் ஏறினால் பீங்கானே உருகி வழியை அடைத்துவிடும். என் பழைய காரில் ஒரு இக்னிஷன் காயில் பழுதாகி மிஸ்ஸிங் அடித்தபோது, ‘அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்று ஒரு பட்டறையில் சொன்னதைக் கேட்டு, இரண்டு வாரம் கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் ஓட்டினேன். காயிலின் விலையைப்போல இருபது மடங்குக்கு மேல் கன்வெர்ட்டருக்குக் கொடுத்தேன்.

நீலப் புகையும் இதே வரிசையில் வரும். ஆயில் எரிகிறது என்று பொருள். ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் பாஸ்பரஸ், கன்வெர்ட்டரின் பரப்பில் கண்ணாடிபோல் படிந்து அதை மூடிவிடும். ஆயிலை நிரப்பிக்கொண்டே ஓட்டுவது மலிவான வழிபோலத் தோன்றினாலும், செலவு வேறு இடத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்கிறார்களே?

அடைத்துப்போன கன்வெர்ட்டரை எடுத்தால் கூடும். நல்ல கன்வெர்ட்டரை எடுத்தால் ஓட்டுபவர் உணரும் அளவுக்கு எதுவும் கூடாது. பின்சென்சார் உடனே காட்டிக்கொடுக்கும், சட்டப்படியும் குற்றம். உள்ளே இருக்கும் சில கிராம் உலோகத்துக்காக இந்தப் பாகம் திருடுபோவதும் உண்டு. ‘பழையதை எடுத்துக்கொண்டு வேறு போட்டுத் தருகிறேன்’ என்று யாராவது தாராளமாக முன்வந்தால், அந்தத் தாராளத்துக்கு விலை அந்த உலோகம்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய காரில் இவையெல்லாம் பிழைக்குமா?

2015இலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் பலர் கேட்ட கேள்வி. நின்றுகொண்டிருந்த, குளிர்ந்த வண்டிக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் கன்வெர்ட்டர் பெரும்பாலும் தப்பிக்கும். சேறு நுண்குழாய்களை அடைக்காமலிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருந்த வண்டி தண்ணீரில் இறங்கியிருந்தால் கதை வேறு. பல நூறு டிகிரியில் இருக்கும் பீங்கான்மேல் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். உடைந்த துண்டுகள் உள்ளே உருளும் ஓசையைப் பின்னால் கேட்கலாம். ஆக்சிஜன் சென்சாரின் பீங்கானுக்கும் இதே ஆபத்து உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் குழாயிலுள்ள ஈரம் காயும் வரை கணினி அதன் சூடேற்றியை முழு வேகத்தில் இயக்காததும் இதற்காகத்தான்.

எப்படியிருந்தாலும், முதல் வேலை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்வது. பிறகு சென்சார்களின் இணைப்புகளைத் திறந்து உலர்த்தச் சொல்லுங்கள், ஆனால் அவற்றில் கிரீஸ் தடவ விடாதீர்கள். பல சென்சார்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை அந்த மின்கம்பி வழியாகத்தான் உள்ளே இழுக்கின்றன. பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுவது கரிப்பெட்டியை. பல கார்களில் அது டாங்குக்குப் பக்கத்தில், தாழ்வாக இருப்பதால் முதலில் மூழ்குவதே அதுதான். கரி நனைந்து காற்றுவழி அடைத்திருந்தால், சில வாரம் கழித்துப் பங்கில் துப்பாக்கி இரண்டு லிட்டருக்கு ஒருமுறை தானாக நிற்கத் தொடங்கும். அதை உலர்த்திப் பயன்படுத்த முடியாது. புதிது போட வேண்டும்.